கரண்ட் வெச்ச பிறகு வர்ற மோஷன் பிரச்சனை: புரோஸ்டேட் கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்தவங்களுக்காக

ரேடியேஷன் முடிஞ்சு 11 மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல டாய்லெட்ல எந்திரிச்சு திரும்பிப் பாக்குறேன், தண்ணி பூரா சிவப்பு. வலி இல்ல, எரிச்சல் இல்ல. ஃப்ளஷ் பண்ணிட்டு வெளில வந்துட்டேன், வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. மூலமா இருக்கும்னு நானே முடிவு கட்டி நாட்டு மருந்துக் கடைல ஒரு சூரணம் வாங்கி நாலு மாசம் சாப்ட்டேன், அது வயித்த இளக்கி விட்டுச்சு, போற தடவை கூடக் கூட ரத்தமும் கூடிச்சு, கடைசில மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 8.2. முதல் வாரமே வாயத் தொறந்திருந்தா அந்த நிலைக்கு போயே இருக்காது. புதுசா இந்த வழில வர்றவங்க யாரும் அந்த நாலு மாசத்த அனுபவிக்கக் கூடாதுன்னுதான் எனக்குத் தெரிஞ்சத எல்லாம் கோர்வையா எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்ல, 67 வயசு, தஞ்சாவூர் பக்கம், 20 சிட்டிங் (ஒரு தடவை கதிர் வைக்கிறது ஒரு சிட்டிங்) எடுத்தவன். மருந்து விஷயம் எதுவா இருந்தாலும் உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்க.

இது ஏன் வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

நம்ம ஊர்ல கரண்ட் வைக்கிறதுன்னு சொல்றாங்களே, அதுல உடம்புக்குள்ள மின்சாரம் எதுவும் பாயாது, அது எக்ஸ்ரே மாதிரி கதிர்தான், ஆனா ரொம்ப சக்தி உள்ளது. புரோஸ்டேட் சுரப்பி மூத்திரப்பைக்கு கீழ, மலக்குடலுக்கு நேர் முன்னாடி ஒட்டின மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல சில மில்லிமீட்டர்தான் இருக்கும். எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் மலக்குடலோட முன் பக்கச் சுவர்ல கொஞ்சம் கதிர் விழத்தான் செய்யும். அந்த உள் தோல் வெந்து போன மாதிரி ஆகுது, அதுல இருந்து சளி வருது, அடிக்கடி போகணும்னு தோணுது, போனா ஒண்ணும் வராம கடுப்பு மட்டும் இருக்கு. இதெல்லாம் ட்ரீட்மென்ட் நடக்கும்போதும் முடிஞ்ச சில வாரத்துக்குள்ளயும் வர்றது.

இன்னொரு வகை இருக்கு, அதத்தான் யாரும் சரியா சொல்றதில்ல. எல்லாம் அடங்கி நல்லா ஆயிட்டோம்னு நினைச்சுட்டு இருக்கும்போது ஆறு மாசம், ஒரு வருஷம், ரெண்டு மூணு வருஷம் கழிச்சுக் கூட வரும். கதிர் பட்ட இடத்துல நல்ல ரத்தக் குழாய் சுருங்கிப் போய், அதுக்கு பதிலா மெல்லிசா, லேசா உரசினாலே உடையிற புதுக் குழாய்ங்க வளருது. கெட்டியா ஒரு தடவை போனாலே அதுல இருந்து ரத்தம் கசியும். முதல் வகை தானா ஆறும். ரெண்டாவது வகைய யாராவது டாக்டர் பாத்தே ஆகணும்.

இன்னும் ஆரம்பிக்கலைன்னா இத கேட்டுருங்க

சிட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிறவங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. மூலம், வெடிப்பு, குடல் புண் எது இருந்தாலும் முன்னாடியே சொல்லிருங்க, வெக்கப்பட்டு மறைக்காதீங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தத்த இளக்குற மாத்திரை சாப்பிடறீங்களான்னு சொல்லுங்க. சுகர் இருந்தா சொல்லுங்க. சிகரெட், பீடி இருந்தா இப்பவே நிறுத்துங்க, பின்னாடி வர்ற புண்ணு ஆறாம போறதுக்கு அது ஒரு பெரிய காரணம். மலக்குடலுக்கும் புரோஸ்டேட்டுக்கும் நடுவுல ஜெல் வெச்சு இடைவெளி உண்டாக்குற முறை இப்ப வந்திருக்கு, எல்லா ஆஸ்பத்திரிலயும் கிடையாது, செலவும் அதிகம், இருந்தாலும் நமக்கு ஆகுமான்னு கேக்குறதுல தப்பில்ல.

தினமும் மூத்திரப்பை நிறைஞ்சும் மலக்குடல் காலியாவும் வரச் சொல்வாங்க. நான் ஆரம்பத்துல இத ஒரு சம்பிரதாயம்னு நினைச்சேன். அப்படி இல்லங்க. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா சிறுகுடல் மேல தள்ளிப் போயிரும், மலக்குடல் காலியா இருந்தா அது உப்பிக்கிட்டு வந்து கதிருக்கு முன்னாடி நிக்காது, புரோஸ்டேட்டும் ப்ளான் பண்ண இடத்துலயே இருக்கும். நீங்க குடிக்கிற அந்த ரெண்டு டம்ளர் தண்ணிதான் நாளைக்கு உங்க குடல காப்பாத்தப் போகுது. டெக்னீஷியன் பையன் "அய்யா இன்னிக்கு காத்து நிறைய இருக்கு, ஒரு தடவை போயிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புனா கோவிச்சுக்காதீங்க, அவரு நல்லதுதான் பண்றாரு.

எத்தனை சிட்டிங், மொத்தம் எத்தனை கிரே (கதிரோட அளவு), நிணநீர் முடிச்சுங்க இருக்கிற இடுப்புப் பகுதிக்கும் சேத்து குடுக்குறாங்களா, இந்த மூணையும் எழுதி வாங்கிக்கோங்க. பழைய முறைல 37 இல்ல 39 சிட்டிங், இப்ப நிறைய பேருக்கு 60 கிரேய 20 சிட்டிங்ல முடிக்கிறாங்க, சில பேருக்கு 5 சிட்டிங்தான். இடுப்புப் பகுதிக்கும் சேத்து குடுத்தா சிறுகுடலும் மாட்டும், அவங்களுக்கு வயித்தால போறது கூடுதலா இருக்கும்.

சிட்டிங் நடக்கும்போது

எனக்கு முதல் பத்து நாள் ஒண்ணுமே இல்ல. மூணாவது வாரம் ஆரம்பிச்சுது, முதல்ல ஒரு நாளைக்கு மூணு தடவை, அப்புறம் ஆறு, ஏழு. கடைசி சிட்டிங் முடிஞ்ச அடுத்த வாரம்தான் ரொம்ப மோசம். இத ஏன் சொல்றேன்னா, முடிஞ்ச மறுநாளே சரியாயிரும்னு எதிர்பாத்தா மனசு உடைஞ்சு போயிரும், முடிஞ்ச பிறகும் ஒண்ணு ரெண்டு வாரம் ஏறிட்டுத்தான் இறங்கும். எனக்கு ஆறு வாரத்துல ஓரளவு அடங்கிச்சு.

அந்த நேரத்துல கழுவுறதுதான் பெரிய வேதனை. ஹெல்த் ஃபாசெட்ட வேகமா அடிக்காதீங்க, ஒரு மக்குல வெதுவெதுன்னு தண்ணி எடுத்து மெதுவா ஊத்துங்க, சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டவே வேண்டாம். தொடைக்கிறதுக்கு பழைய காட்டன் வேட்டிய கிழிச்சு வெச்சுக்கோங்க, தேய்க்காம ஒத்தி எடுங்க. ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி விட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் உக்காந்தா கடுப்பு நல்லா குறையும், உப்பு எதுவும் போடத் தேவையில்ல. அப்புறம் பெட்ரோலியம் ஜெல்லியோ ஜிங்க் ஆக்ஸைடு க்ரீமோ மெல்லிசா தடவலாம், சிட்டிங் நடக்கிற நாள்ல எந்த க்ரீமா இருந்தாலும் அங்க இருக்கிற நர்ஸ்கிட்ட காட்டிட்டு போடுங்க.

தண்ணி வத்திப் போகாம பாத்துக்கணும். நிஜ ஓ.ஆர்.எஸ் பாக்கெட் மெடிக்கல்ல கேட்டு வாங்குங்க, பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, கவர்ல போட்டிருக்கிற அளவு தண்ணிலதான் கலக்கணும், பாதி பாக்கெட் போடுறது எல்லாம் கூடாது, கலந்தத 24 மணி நேரத்துக்கு மேல வெக்கக் கூடாது. டெட்ரா பேக்ல ஜூஸ் மாதிரி விக்கிறதுல நிறைய நிஜ ஓ.ஆர்.எஸ் இல்ல, அதுல சர்க்கரை அதிகம், வயித்தால போறத கூட்டத்தான் செய்யும். அரிசிக் கஞ்சில உப்பு போட்டு குடிக்கிறது நம்ம பாட்டி காலத்துல இருந்து இருக்கு, அது நிஜமாவே நல்லது. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க மட்டும் இளநீர் கேட்டுட்டு குடிங்க, பொட்டாசியம் அதிகம்.

எண்ணுங்க, எழுதுங்க

நான் இங்கதான் ரொம்ப நேரம் நிக்கப் போறேன், ஏன்னா இது ஒண்ணுதான் எனக்கு எல்லாத்தையும் மாத்திச்சு.

டாக்டர்கிட்ட போய் "அடிக்கடி போகுதுங்க"ன்னு சொன்னா அவரு "ரேடியேஷன்ல அப்படித்தான்யா இருக்கும்"னு சொல்லுவாரு. அவர குத்தம் சொல்ல முடியாது, அடிக்கடிங்கிறதுல அவருக்கு என்ன புரியும்? அதே நான் "இந்த வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அதுல ரெண்டு தடவை ராத்திரி எந்திரிச்சு போனது, மூணு நாள் ரத்தம், ஒரு தடவை பாத்ரூம் போறதுக்குள்ள துணில பட்டுருச்சு"ன்னு சொன்னப்ப அவரு பேனாவ கீழ வெச்சுட்டு நிமிந்து உக்காந்தாரு.

எங்க வீட்டுல தினசரி தேதி கிழிக்கிற காலண்டர் இருக்கு. வீட்டம்மா சொன்ன யோசனைதான் இது, கிழிக்கிற தாள தூக்கிப் போடாம அதோட பின்னாடி பென்சில்ல எழுதி ஒரு க்ளிப்புல மாட்டி வெச்சோம். எத்தனை தடவை, எந்த மாதிரி, ரத்தம் உண்டா, சளி உண்டா, அவசரமா ஓடினேனா, அன்னிக்கு என்ன சாப்ட்டேன். அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேலை. எந்த மாதிரிங்கிறதுக்கு பிரிஸ்டல் சார்ட்னு ஒண்ணு இருக்கு, 1ல இருந்து 7 வரைக்கும். 1ன்னா ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனியா கெட்டியா, 4ன்னா வாழைப்பழம் மாதிரி வழவழன்னு, 7ன்னா வெறும் தண்ணி. உலகத்துல எந்த டாக்டர்கிட்ட "டைப் 6"னு சொன்னாலும் புரியும், நமக்கும் விவரிச்சு சொல்ற சங்கடம் இல்ல.

ரெண்டு வாரத் தாள சேத்து வெச்சுப் பாத்தப்பதான் எங்களுக்கே ஒண்ணு தெரிஞ்சுது. டிகாக்ஷன் திக்கா போட்டு பால் காபி ரெண்டு தடவை குடிச்ச நாள் எல்லாம் ஆறு, ஏழு. எங்க மச்சான் வீட்டுக்கு போயிருந்த ரெண்டு நாள் அங்க பால் சரியில்லன்னு சுக்குத் தண்ணி குடிச்சேன், அந்த ரெண்டு நாளும் மூணு. காபி இல்லாத காலை எங்க பக்கத்து ஆளுக்கு எவ்வளவு கஷ்டம்னு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா விட்டேன்.

சாப்பாடு

ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நார்ச்சத்து நல்லதுன்னு கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும் குடுக்கச் சொல்ற சொந்தக்காரங்க ஒரு பக்கம், எல்லாத்தையும் நிறுத்திட்டு ரொட்டியும் பாலும் குடுங்கன்னு சொல்றவங்க ஒரு பக்கம். நார்ச்சத்துல ரெண்டு வகை இருக்கு, அத புரிஞ்சுக்கிட்டா போதும். தண்ணில ஊறி கொழகொழன்னு ஆகுறது ஒண்ணு, அது லூஸா போறத சேத்துப் பிடிக்கும், கெட்டியா போறத இளக்கவும் செய்யும். ஓட்ஸ், வாழைப்பழம், வேக வெச்ச கேரட், தோல் சீவி ஆவில வெச்ச ஆப்பிள் இந்த வகை. சக்கையா அப்படியே வெளில வர்றது இன்னொண்ணு, கீரைத் தண்டு, தோலோட இருக்கிற பயறு, கொண்டைக்கடலை சுண்டல், பச்சை வெங்காயம், முட்டைகோஸ், பலாச்சுளை. புண்ணு இருக்கும்போது ரெண்டாவது வகைய குறைங்க, முதல் வகைய விடாதீங்க.

எனக்கு ஒத்து வந்தது இதுதான்: இட்லி, இடியாப்பம், குழைய வடிச்ச சாதத்துல தயிர், பாசிப்பருப்பு, சுரைக்காய், தோல் சீவின பீர்க்கங்காய், புடலங்காய் கூட்டு, மிளகு ரசம் தெளிவா, வேக வெச்ச முட்டை, குழம்பு காரம் இல்லாம மீன். ஒத்து வராதது வடை, பஜ்ஜி, கல்யாண வீட்டு பிரியாணி, பச்சை மிளகாய் சட்னி. எண்ணெய் அதிகம் சேந்தா போதும், அரை மணி நேரத்துல ஓட வேண்டியதுதான். சுகர் உள்ளவங்க ஒண்ணு கவனிங்க, சுகர் ஃப்ரீன்னு விக்கிற மிட்டாய், பிஸ்கட்ல சார்பிட்டால் மாதிரி இனிப்பு போட்டிருப்பாங்க, அது வயித்த இளக்கும்.

பால் சந்தேகமா இருந்தா ரெண்டு வாரம் பால் மட்டும் நிறுத்திப் பாருங்க, தயிர் பெரும்பாலும் ஒத்துக்கும். சரியானா பால்தான் காரணம், சரியாகலைன்னா திரும்ப ஆரம்பிச்சுருங்க, சும்மா ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்தி கடைசில வெறும் சாதத்துல நிக்காதீங்க, உடம்பு எளைச்சுரும். நிறுத்தினத திரும்ப சேக்கும்போது ஒரு நேரத்துல ஒண்ணு, மூணு நாள் பாத்துட்டு அடுத்தது.

மாத்திரை, பவுடர்

இசப்கோல்னு தண்ணில ஊறுற நார்ச்சத்துப் பவுடர் எல்லா மெடிக்கல்லயும் கிடைக்கும். ஒரு சின்ன ஸ்பூன்ல ஆரம்பிங்க, முழு டம்ளர் தண்ணில கலந்து உடனே குடிச்சுரணும், வெச்சிருந்தா பசை மாதிரி ஆயிரும். முதல் சில நாள் வயிறு உப்புசமா இருக்கும். மத்த மாத்திரைங்களோட சேத்து குடிக்காதீங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. விளக்கெண்ணெய், நிலாவரை, கடுக்காய் சூரணம்னு வயித்த சுத்தம் பண்றது எதுவும் வேண்டாம், நான் பட்டது போதும்.

வயித்தால போறத கட்டுற லோபரமைடு 2 மில்லிகிராம் மாத்திரை நிறைய பேர் சாப்பிடறாங்க, ஆனா தப்பான நேரத்துல. போக ஆரம்பிச்ச பிறகு போடுறத விட, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டா நல்லா வேலை செய்யும். சாப்ட்ட உடனே குடல் அசைய ஆரம்பிக்குது இல்ல, அதுக்கு முன்னாடியே மாத்திரை போய் உக்காந்திருக்கணும். எத்தனை போடலாம், தினமும் போடலாமாங்கிறத டாக்டர்தான் சொல்லணும். காய்ச்சலோட வயித்தால போச்சுன்னா, ரத்தம் நிறைய போச்சுன்னா இத நீங்களா போடாதீங்க.

மலச்சிக்கலும் வரும், அதையும் சொல்லணும். சில வலி மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை ரெண்டும் கட்டிரும். ஒரு சில பேருக்கு உள்ள கெட்டியா அடைச்சுக்கிட்டு அத சுத்தி தண்ணி மாதிரி மட்டும் கசியும், நாம வயித்தால போகுதுன்னு நினைச்சு கட்டுற மாத்திரை போட்டா இன்னும் மோசமாகும். அதனால ரெண்டு மூணு நாள் சரியா போகாம திடீர்னு தண்ணியா வந்தா டாக்டர்கிட்ட காட்டிருங்க. முக்காதீங்க. வெஸ்டர்ன் டாய்லெட்ல உக்காந்தா காலுக்கு கீழ ஒரு சின்ன பலகை போட்டு முழங்கால் இடுப்ப விட மேல இருக்கிற மாதிரி வெச்சுக்கோங்க, சுலபமா போகும்.

எல்லாத்துக்கும் ரேடியேஷன்தான் காரணம்னு நினைக்காதீங்க

சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறீங்களா? நம்மள்ல நிறைய பேர் சாப்பிடறோம். அதுவே சில பேருக்கு வயித்த இளக்கும், மெதுவா கரையிற வகைக்கு மாத்தினா குறையலாம்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மெக்னீசியம் உள்ள ஆன்டாசிட் சிரப்பும் இளக்கும். இடுப்புப் பகுதிக்கும் சேத்து கதிர் வாங்கினவங்கள்ல சில பேருக்கு பித்தநீர் சரியா உறிஞ்சப்படாம பெருங்குடலுக்குப் போய் தண்ணியா ஓடும், எண்ணெய் மிதக்கிற மாதிரி, நாத்தம் அதிகமா, ராத்திரில எழுப்பும், அதுக்குன்னு தனி மருந்து இருக்கு. சிறுகுடல்ல கிருமி பெருகிப் போறது, தைராய்டு கூடுறது, இதெல்லாமும் உண்டு. இங்கிலாந்துல 218 நோயாளிங்கள வெச்சு ஆர்பிட்னு ஒரு ஆய்வு பண்ணி 2013ல வெளியிட்டாங்க, ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன காரணம்னு வரிசையா டெஸ்ட் பண்ணி பாத்தவங்க, வெறும் புத்தகம் குடுத்து அனுப்பினவங்கள விட நல்லா தேறினாங்க, அத டாக்டர் பாத்தாலும் பயிற்சி எடுத்த நர்ஸ் பாத்தாலும் பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால "பழகிக்கோங்க"ன்னு யாராவது சொன்னா, குடல் டாக்டர் ஒருத்தர பாக்க லெட்டர் கேளுங்க. கேக்குறது உங்க உரிமை.

அடக்குற பலம்

அவசரம்தான் நம்மள வீட்டுக்குள்ள பூட்டி வைக்குது. காத்து விடாம அடக்குற மாதிரி ஆசனவாய இறுக்கி மேல இழுங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க, பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. வயிறோ பிட்டமோ இறுகக் கூடாது, மூச்ச பிடிக்கக் கூடாது. பத்து எண்ற அளவுக்கு மெதுவா ஏத்துங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும் பலன் தெரிய, எனக்கு பத்தாவது வாரம் தெரிஞ்சுது.

அவசரம் வந்த உடனே ஓடாதீங்க, ஓடும்போதுதான் கசியும். நின்ன இடத்துலயே நில்லுங்க, இல்ல நாற்காலில உக்காருங்க, இறுக்குங்க, அலை மாதிரி வந்த அவசரம் ஒரு நிமிஷத்துல இறங்கும், அப்ப நடந்து போங்க. காலைல சாப்ட்ட பிறகுதான் குடல் அதிகமா அசையும், அதனால வெளில போறதுக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி சாப்பிட்டு, போயிட்டு, அப்புறம் கிளம்புங்க.

ரத்தம்

ரத்தம் பாத்தா பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன், பயம் வரத்தான் செய்யும். ஆனா ரெண்டு சொட்டு ரத்தமே டாய்லெட் தண்ணிய முழுசா சிவப்பாக்கிரும், அத ஞாபகம் வெச்சுக்கோங்க. முந்தின நாள் பீட்ரூட் சாப்ட்டீங்களான்னும் யோசிங்க. இரும்பு மாத்திரை சாப்ட்டா கறுப்பா போகும், அது ரத்தம் இல்ல, ஆனா இரும்பு மாத்திரை சாப்பிடாம தார் மாதிரி கறுப்பா பிசுபிசுன்னு போனா அது மேல் வயித்துல ரத்தம் கசியுறதா இருக்கலாம், உடனே போகணும்.

எவ்வளவு சின்னதா இருந்தாலும் முதல் தடவை வந்தா டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். மூலமாவும் இருக்கலாம், கதிர் பட்ட இடமாவும் இருக்கலாம், குடல்ல வேற புதுக் கட்டியாவும் இருக்கலாம், நம்ம வயசுல அது இல்லன்னு நாமளே தள்ள முடியாது. ஸ்கோப் பண்ணித்தான், அதாவது கேமரா வெச்ச குழாய பின் வழியா விட்டுப் பாத்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்கோப் பண்ணப் போகும்போது ஒண்ணு கண்டிப்பா சொல்லுங்க. நான் போன இடத்துல யாரும் ரேடியேஷன் எடுத்தீங்களான்னு கேக்கவே இல்ல, நானும் ரத்தம் போகுதுன்னு மட்டும் சொல்லிட்டு படுத்துட்டேன். உள்ள பாத்துட்டு இளம் டாக்டர் ஒருத்தர் முன் பக்கச் சுவர்ல பயாப்ஸிக்கு (டெஸ்ட் பண்ண) சதை எடுக்கத் தயாராயிட்டாரு. வெளில இருந்த என் பொண்ணு நர்ஸ்கிட்ட ஃபைல நீட்டி "அப்பாவுக்கு புரோஸ்டேட்டுக்கு ரேடியேஷன் குடுத்திருக்கு"ன்னு சொன்ன பிறகுதான் பெரிய டாக்டர் வந்து நிறுத்தினாரு. அந்த இடத்துல பயாப்ஸி எடுத்தா புண்ணு ஆறாம போய் மலக்குடலுக்கும் மூத்திர வழிக்கும் நடுவுல ஓட்டை விழுற ஆபத்து இருக்குன்னு அப்புறம்தான் எங்களுக்கு சொன்னாரு. வேற வழியே இல்லாம எடுக்க வேண்டி வந்தா ரேடியேஷன் டாக்டரும் குடல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

எனக்கு உள்ள சிலந்தி வலை மாதிரி சின்னச் சின்ன சிவப்புக் குழாய்ங்கதான் இருந்துச்சு. சுக்ரால்ஃபேட் மருந்த தண்ணில கலந்து பின் வழியா ஏத்துற எனிமா எழுதிக் குடுத்தாங்க, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, முழங்கால மடக்கி, மெல்லிய டியூப்ல ஜெல் தடவி வீட்டம்மாதான் ஏத்திவிட்டாங்க. முதல் நாள் ராத்திரி எனக்கு கண்ணு கலங்கிருச்சு, 40 வருஷமா கூட இருக்கிறவகிட்ட இப்படி படுக்க வேண்டி வந்துச்சேன்னு. அவ "சளி பிடிச்சா தைலம் தேய்ச்சு விடல? அது மாதிரிதான், அசையாம படுங்க"ன்னு சொல்லிட்டு சுவர்க் கடிகாரத்த பாத்துட்டு இருந்தா, இருபது நிமிஷம் உள்ள நிக்கணுமே. ஆறு வாரத்துல ரத்தம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவையா குறைஞ்சுது, மலம் இளகலா போறதுக்கு இசப்கோலும், இரும்பு மாத்திரையும் சேத்து.

அதுல நிக்கலைன்னா ஆர்கான் கேஸ் வெச்சு அந்தக் குழாய்ங்கள சுடுறது, ஃபார்மலின் வைக்கிறது, அழுத்தம் உள்ள அறைல ஆக்சிஜன் குடுக்கிறதுன்னு வழிங்க இருக்கு. சுடுறதுல கதிர் பட்ட இடம்ங்கிறதால புண்ணு ஆறாம போற ஆபத்தும் உண்டு, அதுல நல்ல அனுபவம் இருக்கிறவர்கிட்ட மட்டும் போங்க. கொஞ்சமா எப்பவாவது வர்ற ரத்தத்துக்கு ஹீமோகுளோபின் குறையாம இருந்தா ஒண்ணுமே பண்ணாம பாத்துக்கிட்டு இருக்கிறதும் சரியான வைத்தியம்தான், நிறைய பேருக்கு சில வருஷத்துல தானா குறையுது. ஆஸ்பிரின் சாப்பிடறவங்க ரத்தம் பாத்த பயத்துல நீங்களா நிறுத்திராதீங்க, ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து, ஹார்ட் டாக்டர்கிட்ட கேளுங்க.

உடனே போக வேண்டிய நேரம்

ரத்தம் கட்டி கட்டியா, நிக்காம போறது, தலை சுத்தி மயக்கம் வர்றது. காய்ச்சலோட வயித்தால போறது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்து கூட பிரியாம இருக்கிறது. மூத்திரத்துல காத்துக் குமிழி வர்றது, மலம் கலந்து வர்றது, இல்ல மூத்திரம் பின் வழியா வர்றது. இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம்: முதுகுவலியோட கால் திடீர்னு பலமில்லாம போய், உக்கார்ற இடம் மரத்துப் போய், மலமோ மூத்திரமோ கட்டுப்பாடு இல்லாம போனா அது குடல் பிரச்சனை இல்ல, தண்டுவடத்துல அழுத்தம் இருக்கலாம். விடியட்டும்னு காத்திருக்காம 108 கூப்பிடுங்க.

வெளில போறது

நான் ஒரு வருஷம் எந்தக் கல்யாணத்துக்கும் போகல. இப்ப போறேன். பஸ்ஸ விட ரயில்தான் நமக்கு, டாய்லெட் இருக்கு, லோயர் பெர்த் கேட்டு வாங்குங்க. தோள்பைல ஒரு செட் வெச்சிருக்கேன்: மாத்துத் துணி, ஒரு வேட்டி, பெரியவங்க கட்டுற பேடு ரெண்டு, பழைய காட்டன் துணி, அழுக்குத் துணி போட கறுப்பு கவர், ஒரு பாட்டில் தண்ணி, லோபரமைடு ஒரு அட்டை. மண்டபத்துக்குப் போன உடனே டாய்லெட் எங்கன்னு பாத்துட்டு அந்தப் பக்கம் ஓரமா உக்காருவேன், பந்தில முதல் வரிசைல சாதம், ரசம், மோர் மட்டும்.

அந்தப் பைல சின்ன ஜிப் பக்கத்துல லேமினேட் பண்ண ஒரு துண்டுச் சீட்டு இருக்கு, என் பொண்ணு எழுதிக் குடுத்தது. பேரு, ரத்த வகை, "புரோஸ்டேட் ரேடியேஷன், 20 சிட்டிங், 60 கிரே, முடிஞ்ச மாசம்", "ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார்", அதுக்கு கீழ சிவப்பு மையில பெரிய எழுத்துல: "மலக்குடல் முன் சுவரில் ரேடியேஷன் டாக்டரைக் கேட்காமல் பயாப்ஸி எடுக்க வேண்டாம்." நீங்களும் இன்னிக்கே ஒண்ணு எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க.